ஓரங்களை மறந்த அணி

அமெரிக்கக் கால்பந்தில் காலைவிடக் கைக்கே வேலை அதிகம். குவார்ட்டர்பேக் எனப்படும் வீரர் பந்தை எறிவார். மைதானத்தின் இரு ஓரங்களிலிருந்தும் முன்னோக்கி விரையும் வைட் ரிசீவர்கள் அதனைப் பிடிப்பர். எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைப் பிடித்தால் டச்டவுன்; அதற்கு 6 புள்ளிகள்.

2014 பருவத்தில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி 16 ஆட்டங்கள் ஆடியது. குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் எறிந்தவற்றுள் 18 பந்துகள் டச்டவுன் ஆயின. அவற்றுள் ஒன்றையேனும் வைட் ரிசீவர் எவரும் பிடிக்கவில்லை! 1964-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்குப் பின் எந்த அணிக்கும் நேராத நிலை இது.

பணம் இல்லாமல் போகவில்லை. 2010-இல் 15 டச்டவுன்கள் பிடித்து முதலிடம் பெற்ற டுவெய்ன் போவுக்கு, 2013-இல் 5 ஆண்டுகளுக்கு 5.6 கோடி டாலர் ஒப்பந்தம் அளிக்கப்பட்டிருந்தது. பருவத்தின் இறுதி ஆட்டத்தில் அவர் எல்லையை நெருங்கிப் பந்தைத் தவறவிட, உள்ளே பாய்ந்து அதனைக் கைப்பற்றிப் புள்ளி சேர்த்தவர் சக வீரர் டிராவிஸ் கெல்சி. அவரோ டைட் எண்ட். ஓரத்தில் அன்றி, நடுவே தடுப்பு வரிசையை ஒட்டி நிற்பவர்.

கிரிக்கெட் அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். ஒன்றும் இரண்டுமாக ஓடியே இன்னிங்ஸை முடிக்க இயலும். ஆனால் எல்லைக்கோட்டுக்கு அடிக்கமாட்டார் என்று தெரிந்தால் எதிரணித் தலைவர் ஆட்களை அருகில் குவித்துவிடுவார். அவ்வாறு நெருங்கி நின்று தடுத்தவர்களையும் மீறி, அவ்வாண்டின் இறுதிப் போட்டியில் மோதிய நியூ இங்கிலாந்து, சியாட்டில் ஆகிய இரு அணிகளையுமே சீஃப்ஸ் வென்றது. ஆயினும் அதுவரை 10 ஆட்டங்களிலும் தோற்றிருந்த ஓக்லாந்திடம் வீழ்ந்தது. 9 வெற்றி, 7 தோல்வி; அடுத்த சுற்று வாய்ப்பு இல்லை.

பயிற்சியாளர் ஆண்டி ரீட், 2015-இல் தம் பழைய மாணவர் ஜெரமி மக்ளினை அழைத்து வந்தார். மக்ளின் 8 டச்டவுன்கள் பிடித்தார். அணியும் 11 ஆட்டங்களில் வென்றது. குறை அணியின் திட்டத்தில் மட்டுமன்று, ஆள் தேர்விலும் இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

எனினும் கதை அத்துடன் நிற்கவில்லை. 2022-இல் அதே அணி தன் மிக வேகமான ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த இரு பருவங்களிலும் சூப்பர் பவுல் வென்றது. அப்போதும் பந்தை அதிகம் பிடித்தவர் கெல்சியே.