பதினாலாம் பக்கம்

விடியற்காலை ஐந்து மணி. எங்கள் கேமரன் மலையின் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெர்ரிக் கடைகள் இன்னும் தார்ப்பாய்க்குள் தூங்குகின்றன. நானோ ஒரு வேனுக்குள், பத்துப் பேராளர்களுக்கு நடுவே குல்லாயும் ஸ்வெட்டருமாக ஒடுங்கிக் கிடக்கிறேன். ஈப்போவில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம்! (எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள். ஓசி வேனுக்கு அந்த நன்றியாவது காட்ட வேண்டாமா?)

நிர்வாக வாரியத் தேர்தல் மண்டபத்தில் நடக்கும் என்றுதானே நினைத்தீர்கள்? கம்போங் ராஜா தாண்டுவதற்குள் முடிந்தே போனது! "யாருக்குத் தம்பி குத்தணும்?" என்றார் பின்சீட்டுப் பாட்டி. முன்சீட்டு அண்ணன் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். ஐந்து பெயர்கள். பாட்டி அதைப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சம்பந்தன் காலம் வேற" என்று பெருமூச்சு விட்டார் ஒரு தாத்தா. உண்மைதான். வெள்ளைக்கார முதலாளிகள் விற்றுவிட்டுக் கிளம்ப, தோட்டத் துண்டாடலில் பாட்டாளிகள் நடுத்தெருவுக்கு வந்த நேரம் அது. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். நினைத்தாலே புல்லரிக்கிறது!

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் வகுத்த கூட்டுறவு வழி இது: பங்கு ஒன்றோ ஆயிரமோ, ஆளுக்கு ஓர் ஓட்டு. ஆனால் பல்லாயிரம் பேர் ஒரே மண்டபத்தில் எப்படி அடங்குவது? அதனால்தான் பேராளர்கள். பேராளர் யாரென்று முடிவு செய்பவர் கையில்தான் சங்கத்தின் சாவி என்பேன் நான்.

எங்கள் மலையின் தேயிலையில் அந்தத் தலைவலியே இல்லை. 1929 முதல் போ தேயிலை தனியார் தோட்டம். அங்கே ஓட்டும் இல்லை, சீட்டும் இல்லை. நீலகிரியிலோ சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் உண்டு. அவற்றின் இணையமான இண்ட்கோசர்வை நடத்துவதோ அரசு அனுப்பும் ஐஏஎஸ் அதிகாரி! சிரிப்பதா, அழுவதா?

ஈப்போ வந்தாயிற்று. மண்டப வாசலில் அன்பளிப்புப் பை. உள்ளே பிரியாணி வாசம், படிப்பணத்துக்குக் கையெழுத்து. கணக்கறிக்கை வந்தது. "முன்மொழிகிறேன்", "வழிமொழிகிறேன்", மளமளவென்று கைகள். பிரியாணி ஆறுகிறதே!

அப்போது எழுந்தார் எங்கள் வேன் பாட்டி. இடுப்பில் இன்னும் அந்தத் துண்டுச்சீட்டு.

"ஐயா, பதினாலாம் பக்கத்துல 'இதர செலவு'ன்னு போட்டிருக்கே, அது என்னா?"

மண்டபம் கப்சிப். மேடையில் ஒருவர் தண்ணீர் குடித்தார். இன்னொருவர் மைக்கைத் தட்டினார். "எழுத்து மூலமாகப் பதில் வரும், அம்மா."

போன வாரம் கியா பார்மில் பாட்டியைப் பார்த்தேன், முட்டைக்கோஸ் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"பதில் வந்துச்சா பாட்டி?"

"இன்னும் இல்லப்பா. அடுத்த வருஷமும் வேன்ல எனக்கு ஒரு சீட்டுப் போட்டு வைக்கச் சொல்லு."