கண்ணும் நிறுவலும்: மாணவர்க்கு வடிவியலை விளக்கும் முறை

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும் கொத்தனார், ஒரு மூலையிலிருந்து ஒருபுறம் 3 அடியும் மறுபுறம் 4 அடியும் அளந்து குறியிடுவார். இரு குறிகளுக்கும் இடையே 5 அடி வந்துவிட்டால் மூலை செங்கோணம் என்று முடிவு செய்வார். காரணம் கேட்டால் பெரும்பாலும் விடை வராது. அருகிலுள்ள பள்ளியிலோ பிதாகரஸ் தேற்றத்தைப் பிழையின்றி எழுதும் மாணவன், கயிற்றைக் கையில் கொடுத்தால் திகைத்து நிற்கிறான்.

இவ்விடைவெளி இன்று தோன்றியதன்று. குராசானில் பிறந்து பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானி (கி.பி. 940–998), கைவினைஞருக்குத் தேவையான வடிவியல் அமைப்புகளைப் பற்றித் தனி நூலொன்று எழுதினார். கைவினைஞரும் வடிவியலாரும் கூடிய அவையொன்றில் தாம் கண்டதை அதில் விவரிக்கிறார். சம அளவுள்ள மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்பதே அங்கு எழுந்த வினா. வடிவியலார் பக்கத்தின் நீளத்தைக் கண்டனர். வெட்டும் வழி அவர்களுக்குத் தெரியவில்லை. கைவினைஞர் வெட்டிக் காட்டினர். அவற்றுள் சில கண்ணுக்குச் சரியாகத் தோன்றினும் கணக்கில் பிழையாயின.

அபுல் வஃபா காட்டிய வழியை நம் மாணவர் காகிதத்திலேயே செய்து பார்க்கலாம். 10 செ.மீ. பக்கமுள்ள மூன்று சதுரங்களை எடுத்து, இரண்டை மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். மூன்றாம் சதுரத்தை நடுவில் வைத்து, அதன் ஒவ்வொரு பக்கத்தின் மீதும் ஒரு முக்கோணத்தின் நீண்ட பக்கத்தைப் பொருத்த வேண்டும். சதுரத்தின் மூலையில் தொடங்கும் அந்நீண்ட பக்கம் மறுமுனையில் சற்றே வெளியே நீளும். நான்கையும் ஒரே சுற்றுமுறையில் வைத்து, அவற்றின் செங்கோண உச்சிகளை இணைத்தால் பெரிய சதுரம் தோன்றும். கோட்டுக்கு வெளியே நீண்ட துண்டுகளை நறுக்கி, உள்ளே எஞ்சிய இடைவெளிகளில் வைத்தால் அவை அப்படியே பொருந்தும். பரப்பு 300 ச.செ.மீ.; பக்கம் ஏறத்தாழ 17.32 செ.மீ.

ஏன் பொருந்துகின்றன? அடுத்தடுத்த இரு முக்கோணங்களை நோக்குவோம். நீண்ட முனையில் சந்திக்கும் ஒன்றின் சிறுபக்கமும், சதுரத்தின் மூலையில் தொடங்கும் மற்றதன் சிறுபக்கமும் சமம், இணையும் ஆகும். எனவே அவற்றின் முனைகள் ஓர் இணைகரத்தை அமைக்கின்றன. இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக் கூறிடும் என்பது பள்ளிப் பாடம். ஆகவே வெளித்துண்டும் உள்ளிடைவெளியும் சர்வசமம். உருவம் முழுவதையும் கால்சுற்றுத் திருப்பினாலும் அது தன்மீதே பொருந்துவதால், கிடைத்தது சதுரமே என்பதும் உறுதியாகிறது.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் 2001-இல் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளால் இத்தகைய உருவங்களைத் திரையில் நகர்த்திப் பார்க்க முடிகிறது. தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய கணிதப் பாடநூல்களில் அதனைக் கொண்டு செய்யும் இணையச் செயல்பாடுகளும் இடம்பெற்றன. ஒரு புள்ளியை இழுத்தால் முக்கோணம் மாறுகிறது; கோணங்களின் கூடுதலோ 180 பாகையாகவே நிற்கிறது. நூறு முறை வரைந்தாலும் கிட்டாத தெளிவு நொடியில் கிட்டுகிறது.

எனினும் திரை காட்டும் எண் தசமத்தில் முழுமையாக்கப்பட்டது. 89.998 பாகையும் அங்கே 90 எனத் தோன்றலாம். மதுரையின் ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்த சதுரங்கள் என்றே நாம் சொல்லி வருகிறோம். அளந்து பார்ப்பவர்க்கு அவை துல்லியமான சதுரங்கள் அல்ல என்பது விளங்கும். கண் நிறைவடைந்த இடத்தில் கேள்வி நின்றுவிடுமாயின், அன்றைய கைவினைஞரின் பிழை இன்று திரையில் திரும்ப நேரும்.

ஆதலால் வடிவியல் பாடம் எழுதுவோர்க்கு ஒரு வரிசையை முன்வைக்கிறோம். முதலில் மாணவன் வெட்டட்டும். பின்னர் திரையில் நகர்த்தட்டும். அதன்பின் 'ஏன்' என்னும் வினாவுக்குத் தன் தமிழில் தானே விடை எழுதட்டும். இம்மூன்றும் கைவந்த மாணவன், கொத்தனாரின் கயிற்றைக் கையில் எடுத்து மூலையையும் அமைப்பான். அது செங்கோணமாவது ஏன் என அவருக்கே விளக்கவும் செய்வான்.