நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய்

பங்காருபேட்டை ஜங்ஷனில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை தாண்டிக் காட்பாடி. கோலார் தங்கவயலிலிருந்து வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் வழி. அங்கே 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. இந்தியாவில் முதன்முதலில் செய்தது, 1983இல், மும்பை டாடா நினைவு மருத்துவமனை.

அந்த சிகிச்சையால் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு ஊர் திரும்பிய சிலருக்கு, மாதங்கள் கழித்துத் தோல் இறுகத் தொடங்கும். கிள்ளித் தூக்க வராது. சட்டைப் பொத்தான் போட விரல் மடங்காது. தானமாக வந்த எதிர்ப்பணுக்கள், தாங்கள் குடிவந்த உடம்பையே அந்நியமாக எண்ணித் தாக்குவதால் வரும் வினை இது. மருத்துவர்கள் ஜிவிஹெச்டி என்பார்கள்.

தோலை இதேபோல் இறுக்கும் இன்னொரு நோய் ஸ்கிளிரோடெர்மா. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் அதைக் கண்டு 1957இல் எராஸ்மஸ் என்ற மருத்துவர் எழுதினார். பாறைத் தூசியில் உள்ள சிலிகாவுக்கு அதில் பங்குண்டு. சிலிகோசிஸில் நுரையீரலைப் பறிகொடுத்த தங்கவயலில் அந்தத் தூசியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

ஸ்கிளிரோடெர்மாவைச் சீக்கிரமே கண்டுபிடிக்க உதவுவது நகக்கண், அதாவது நகம் தொடங்கும் இடத்துத் தோல். மற்ற இடங்களில் நுண் ரத்தக் குழாய்கள் தோலுக்குள் செங்குத்தாக நிற்கும், நுனி மட்டுமே தெரியும். நகக்கண்ணில் அவை படுத்துக் கிடக்கும். நோயாளியைக் கால் மணி நேரம் சாதாரண அறை வெப்பத்தில் உட்காரவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, உருப்பெருக்கிக் கேமராவை வைத்தால் கொண்டை ஊசிகளை வரிசையாகக் குத்தி வைத்ததுபோல் குழாய்கள் தெரியும். மில்லிமீட்டருக்கு ஏழாவது இருக்க வேண்டும். நோய் வந்தால் சில 50 மைக்ரானுக்கு மேல் வீங்கும், சில கசியும், பிறகு வரிசையில் வெற்றிடம் விழும். வலி இல்லை, ஊசி இல்லை.

இதையே மாற்று சிகிச்சைக்குப் பின்னும் பயன்படுத்தலாமா என்று ஆராய்கிறார்கள். ஆனால் ஜிவிஹெச்டியில் தோல் கல்லாக இறுகியும் குழாய்கள் ஒழுங்காகவே தெரிவதுண்டு. கறுத்த தோலில் படம் மங்கலாக விழும் சிக்கலும் நம்மவர்களுக்கு உண்டு. அதனால் படம் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி நிம்மதி அடைவது சரியல்ல என்றே எனக்குப் படுகிறது. இன்றும் முடிவு சொல்வது, தோலைக் கிள்ளிப் பார்த்து, மூட்டை மடக்கிப் பார்க்கும் மருத்துவரின் கைதான்.

வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். கும்பிடும்போது இரண்டு உள்ளங்கைகளும் முன்போல முழுசாக ஒட்டவில்லையென்றால், அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் மாற்று சிகிச்சை செய்த மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.