சேர்த்து விழுங்கினால் சேருமா?

கொடைக்கானலை அடுத்த வில்பட்டிக் குளிரில், சுடச்சுடத் தேநீர் இல்லாமல் பொழுது விடியுமா? அந்தத் தேநீருடன் இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கிவிட்டுப் பூண்டுத் தோட்டத்துக்குக் கிளம்பும் கர்ப்பிணி அக்கா ஒருவரை நினைத்துப் பாருங்கள். இரண்டும் நல்ல மாத்திரைகளே. ஆனால் இரும்பு இரத்தத்தில் சேருமா?

ஒரு சோதனை செய்வோம். பெரியவர் துணையுடன் ஓர் இரும்பு மாத்திரையைப் பொடித்து, பால் கலக்காத தேநீரில் போடுங்கள். தேநீர் கறுக்கிறது அல்லவா? குடித்துவிடாதீர்கள்! தேயிலையின் டானின் இரும்பைப் பற்றிக்கொண்டது. நம் முன்னோர் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே முறையில்தான். குடலில் இவ்வாறு கட்டுண்ட இரும்பு உடலில் சேராமல் வெளியேறிவிடும்.

கால்சியமோ, சிறுகுடலின் சுவரைக் கடந்து செல்லும் இரும்பின் அளவைக் குறைக்கிறது. சுவீடனில் ஹால்பெர்க் குழுவினர் 1991-ல் இதை அளந்து காட்டினர். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கான இந்திய அரசின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரண்டு மாத்திரைகளுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்கிறது.

மாறாக, நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி, இரும்பைக் குடல் ஏற்கும் ஃபெரஸ் வடிவில் வைத்திருக்க உதவுகிறது.

பள்ளியில் வாரந்தோறும் நீங்கள் விழுங்கும் நீல மாத்திரையிலும் இருப்பது இரும்புதான். அதைச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீருடன் விழுங்குங்கள். தேநீர் சற்றுப் பொறுக்கட்டும். வீட்டில் அக்காவிடமும் இதைச் சொல்வீர்கள்தானே?