கறுப்பு மணலும் கிணற்று உப்புநீரும்

எண்ணெய் தேடும் முன் எல்லைக் கடற்கரையின் கதிரியக்கத்தை அளந்து வைத்தாக வேண்டும்

பாறசாலையிலிருந்து கடலை நோக்கிப் போனால் பொழியூர். நெய்யாற்றின்கரை வட்டம் அங்கே முடிகிறது. அடுத்த ஊரான நீரோடி தமிழகத்தில் இருக்கிறது. ஆனால் மணலுக்கு எல்லை கிடையாது. 1909-ல் ஜெர்மானிய ரசாயன நிபுணர் ஷோம்பர்க், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த திருவிதாங்கூர் மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டைக் கண்டார். அன்றிலிருந்து இந்தக் கடற்கரை உலகின் கண்ணில் பட்டுவிட்டது.

இப்போது மீனவர்களுக்கு இரட்டைக் கவலை. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்காக 2024 அக்டோபர் 1-ல் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. குமரி ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேடும் மத்திய அரசின் முயற்சிக்கும் எதிர்ப்பு கிளம்பியது.

எண்ணெய்க்கும் கதிரியக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? பாறையிலுள்ள யுரேனியமும் தோரியமும் எளிதில் கரைவதில்லை. அவை சிதைந்து உண்டாகும் ரேடியம், ஆழத்து உப்புநீரில் கரைந்து எண்ணெயோடு மேலே வருகிறது. அழுத்தமும் வெப்பமும் குறையும்போது பேரியம் சல்ஃபேட்டுடன் சேர்ந்து குழாயின் உட்புறத்தில் படிகிறது. கெட்டிலில் உப்பு படிவதைப் போலத்தான். 1980-களில் வடகடல் எண்ணெய் மேடைகளிலும் அமெரிக்காவின் மிசிசிப்பியிலும் இது பெரிய தலைவலியானது. துளைக்கும்போது வெளிவரும் பாறைத் துகளைவிட, உற்பத்தி தொடங்கிய பின் சேரும் படிவும் கசடும்தான் கவனத்துக்குரியவை.

கையடக்கக் கருவி கதிர்வீச்சு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அதன் மூலத்தைச் சொல்லாது. சரியான கணக்குக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். மாதிரியைக் காற்றுப் புகாமல் மூடி மூன்று, நான்கு வாரம் வைத்து, ஜெர்மானியக் காமா நிறமாலைமானியில் அளக்கிறார்கள். ரேடியம்-226, ரேடியம்-228 இரண்டும் தனித்தனியே தெரியும். முன்னதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். பின்னதற்கு ஆறு ஆண்டுகூட இல்லை. யுரேனிய, தோரிய வரிசை அணுவகை எதுவும் கிராமுக்கு 1 பெக்கரலுக்கு மேல் (வினாடிக்கு ஓர் அணுச் சிதைவு) இருந்தால் கட்டுப்பாடு தேவையா என்று பார்க்க வேண்டும் என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் அளவுகோல்.

இந்தக் கரையில் சிக்கல் கூடுதல். மணலே கருவியைத் துடிக்க வைக்கும். நாளை கழிவு கரையில் குவிந்தால், 'இது இயற்கையாகவே இருந்தது' என்று கைகழுவுவது எளிது. ஆனால் மோனசைட்டில் ரேடியம்-228 தன் தாயான தோரியத்துடனேயே இருக்கும். குழாய்ப் படிவில் தாய் அநேகமாக இருக்காது. இந்த வித்தியாசம் ஆய்வில் பிடிபடும். ஒப்பிட முந்தைய கணக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பீதியும் வேண்டாம். கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் கவனித்து 2009-ல் வெளியான ஆய்வு, மணலின் காமா கதிர்வீச்சால் புற்றுநோய் கூடுவதாகக் காணவில்லை. ஆனால் குழாயைச் சுரண்டும் தொழிலாளி சுவாசிக்கும் தூசுக்கு அந்த முடிவு பொருந்தாது.

துளைக்கும் முன் மணல், கடல்நீர், மீன் மூன்றையும் இரு மாநிலங்களும் சேர்ந்து அளந்து, முடிவை ஊராருக்கும் கொடுத்துவிட வேண்டும். பிறகு அளந்தால், எது மண் தந்தது, எது கிணறு தந்தது என்ற வழக்குதான் மிஞ்சும்.