பறவைக்கு விருந்து



ஆசிரியப் பணியினின்றும் ஓய்வுபெற்று மறைமலைநகரில் நான் குடியேறியபோது, வீட்டின் பின்புறத்தே இரண்டு சென்ட் நிலம் வெறுமையாய்க் கிடந்தது. பலவகைப் பறவைகள் அங்கு வந்து பழகவேண்டுமென ஆசை கொண்டேன். பயிற்சி பெற்ற ஆசிரியனுக்கு எதனையும் முறைப்படி செய்யவேண்டுமென்ற எண்ணம் எளிதில் நீங்குவதில்லை. மதிற்சுவரின்மேல் ஒரு பலகை பொருத்தினேன். காலையில் கம்பும் நொய்யும் சோறும் வைத்தேன். வருகைப் பதிவேடு ஒன்றும் தொடங்கினேன்!

ஒரு திங்கள் கழித்து அதனைப் புரட்டினேன். காக்கை, மாடப்புறா, மறுபடியும் காக்கை, மாடப்புறா. இடையிடையே ஓர் அணில். அதனைப் பறவை வரிசையிற் சேர்க்க இயலாது. அம்மட்டோடு நின்றிருந்தால் நகைப்புக்குரிய செய்தியாகவே முடிந்திருக்கும். அவ்வாண்டு பங்குனியில் மருதாணி வேலியிலே கொண்டைக்குருவி இணையொன்று கூடு கட்டி மூன்று முட்டையிட்டது. குஞ்சு பொரித்த நான்காம் நாள் நான் சோறு வைக்கச் சற்றுப் பிந்தினேன். காத்திருந்த காக்கைகள் சுற்றுமுற்றும் தேடியிருக்கின்றன. கதவைத் திறந்தபோது கூடு வெறுமையாயிருந்தது. தாய்க்குருவி வேலிமேல் அமர்ந்து கத்திக்கொண்டிருந்தது. அக்காக்கைகளை நாள்தோறும் அவ்விடத்திற்கு அழைத்தவன் நானே. அன்று எனக்கு உணவு செல்லவில்லை.

பிழை எங்கே நேர்ந்தது? பறவையின் அலகைப் பார்த்தாலே அதன் உணவு இன்னதென்று சொல்லிவிடலாம். தடித்துக் குறுகிய அலகுடைய சிட்டுக்குருவியும் சில்லையும் தானியம் கொறிப்பவை. வளைந்து நீண்ட மெல்லிய அலகுடைய தேன்சிட்டு மலர்த்தேன் பருகுவது. குயிலும் குக்குறுவானும் பழந்தின்னிகள். கரிச்சானும் தையல்சிட்டும் பூச்சியை நாடுபவை. நம் நாட்டுத் தோட்டப் பறவைகளுள் தானியத்தையே நம்பி வாழ்பவை சிலவே. எனவே நான் வைத்த விருந்து பெரும்பாலோர்க்கு விருந்தன்று. சிட்டுக்குருவியுங்கூடத் தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் பூச்சியையே ஊட்டுகிறது. பூச்சிமருந்து தெளித்துவிட்டுப் பக்கத்திலே கம்பு வைப்பதனால் யாது பயன்?

ஒரே உணவை மிகுதியாக வைத்தால் ஒரே இனம் மிகுதியாக வரும். சென்னை இராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர் என்பார், 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், மாடியிற் பலகைகள் அமைத்து ஊறவைத்த அரிசியைப் பரப்பலானார். கிளிகள் ஆயிரக்கணக்கில் வந்தன. கண்கொள்ளாக் காட்சிதான், ஆயினும் பலவகைப் பறவைகளை வேண்டுவோர்க்கு அது வழியாகாது. பெருங்கூட்டம் ஓரிடத்தில் உண்ணும்போது நோயும் எளிதிற் பரவும். பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டளவில் தொடங்கிய தொண்டைநோய் ஒன்று, உணவுத் தட்டுகள் வழியாகவும் பரவி, கிரீன்பிஞ்ச் என்னும் குருவியினத்தையே வெகுவாகக் குறைத்துவிட்டது. தட்டை நாள்தோறும் தேய்த்துக் கழுவுவது வீண்வேலையன்று.

பிறகு நான் செய்தது இதுதான். சோற்றை நிறுத்தினேன். நெற்கதிர்களைக் குஞ்சமாகப் பின்னி இறவாரத்தில் தொங்கவிட்டேன்; நம் முன்னோர் வீட்டு வாயிலிற் செய்ததே. சிட்டுக்குருவி அதிலே தொற்றிக்கொண்டு கொறிக்கும். காக்கைக்கு அது வசப்படாது. அகன்ற மண்தட்டொன்றில் இரண்டங்குல ஆழத்திற்கு நீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லிட்டு, பூனை பதுங்க இடமில்லாத வெளியில் வைத்தேன். நீரை நாள்தோறும் மாற்றவேண்டும். இன்றேல் கொசுவையே வளர்த்தவராவோம். சித்திரை வெயிலில் அத்தட்டு ஒன்று, பத்துத் தானியப் பலகைகளுக்குச் சமம். தானியத்தைத் திரும்பியும் பாராத மாங்குயில் நீருக்கு இறங்கிவருகிறது!

வேம்பு, கறிவேப்பிலை, தேன்பழம், செம்பருத்தி, முருங்கை ஆகியவற்றை நட்டேன். கறிவேப்பிலைப் பழத்தைக் கொண்டைக்குருவி விரும்பியுண்ணும். முருங்கை பூத்தால் தேன்சிட்டு வரும். அதன் பட்ட கிளையை வெட்டாது விட்டால் குக்குறுவான் பொந்து குடையும். மரத்தடிச் சருகைக் கூட்டி எரிப்பதையும் விட்டேன். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகக் கூடிச் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்குவதைக் காண, வகுப்பறையின் இடைவேளை இரைச்சல் நினைவுக்கு வரும். அண்டை வீட்டார் குப்பை என்று முகஞ்சுளிப்பதுண்டு; அதற்கென்ன செய்வது?

இப்பாடத்தை நம் மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள் பன்னெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர். அங்கே யாரும் பறவைக்கு உணவிடுவதில்லை. நாரையும் கூழைக்கடாவும் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் இரை தேடிக்கொள்கின்றன. ஊரார் கொடுப்பது, நீர் சூழ்ந்த மரங்களும் அச்சமின்மையுமே. துப்பாக்கி ஏந்திய வெள்ளைச் சிப்பாய்களைப் பற்றி அவர்கள் முறையிட, 1798-ஆம் ஆண்டளவில் கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தில் பாதுகாப்புரிமை பெற்றனர் என்பது வரலாறு. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர் அறிவர். 2022-இல் வேடந்தாங்கலும் அடுத்துள்ள கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்களாயின.

என் பதிவேட்டில் இப்போது பதினேழு பெயர்கள் உள்ளன. சென்ற பங்குனியில் எலுமிச்சையின் முள்ளடர்ந்த கிளையில் கொண்டைக்குருவி மீண்டும் கூடு கட்டிற்று. இரு குஞ்சுகள் பறந்து சென்றன. அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை என் இல்லத்தார் விடவில்லை. இலையை மட்டும் தெருக்கோடி மேடைக்குக் கொண்டுபோய் வைத்துவருகிறேன்.