செனட்டில் செத்த மசோதா

இன்னைக்கு நான் பேசப்போறது கனடாவின் ரோமியோ சகனாஷ் பத்தி.

கிரீ பழங்குடிக் குடும்பத்துப் பையன். சின்ன வயசுலயே வீட்டிலிருந்து பிரிச்சு, பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியில் போட்டாங்க. அங்கேயே பத்து வருஷம். பிறகு சட்டம் படிச்சார். 2011-ல் இடதுசாரிக் கட்சியான என்.டி.பி. சார்பில் எம்.பி. ஆனார். தொகுதி, கியூபெக் மாகாணத்தின் வடக்குப் பகுதி. பல ஊருக்கு ரோடே கிடையாது, விமானம்தான்.

பழங்குடியினர் உரிமைக்கான ஐ.நா. பிரகடனத்தை உருவாக்க உழைச்சவங்களில் இவரும் ஒருவர். 2007-ல் கனடா அதை எதிர்த்து ஓட்டுப் போட்டது. நாட்டின் சட்டங்கள் அதற்கு இசைவா இருக்கணும்னு இவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2018-ல் கீழவையில் பாஸ். 2019-ல் செனட்டில் இழுத்தடிச்சே காலாவதி ஆக்கிட்டாங்க. அந்த வருஷத் தேர்தலில் அவர் நிக்கல.

ஆனா 2021-ல், அதே மசோதாவை அடிப்படையா வச்சு அரசே சட்டம் போட்டது. அப்போ அவர் எம்.பி.கூட இல்ல. அதனாலதான், தனிநபர் மசோதான்னா வெறும் சடங்குன்னு யாராவது சொன்னா நான் இவர் கதையைச் சொல்றேன்.